கையெழுத்து வயிற்றில் இருந்த நாட்கள்

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் என் வலது கையைப் பார்க்கிறார்கள், பிறகு முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார்கள். துணிந்தவர்கள் கேட்டுவிடுவார்கள். சுண்டுவிரல் எங்கே போனது, புறங்கை ஏன் இப்படி உப்பியிருக்கிறது, தீக்காயமா என்று. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதுவதும் அந்தக் கைதான்.

என் பெயர் கோமதி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். எர்ணாகுளம் பக்கம் மட்டாஞ்சேரிக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் மாரிமுத்து ஒரு தமிழ் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அடுக்களையில் எல்லோரும் நம்மூர் ஆட்கள் என்பதால் அவருக்கு மலையாளம் இன்னும் அரைகுறைதான். எனக்கு அப்படியில்லை. நான் வேலை பார்த்த மசாலாக் கம்பெனியில் பெண்கள் எல்லோரும் மலையாளிகள். அவர்களோடு சண்டை போடுமளவுக்குச் சீக்கிரமே பேசக் கற்றுக்கொண்டேன். மகள் மீனா பத்தாம் வகுப்பு. அவள் மலையாளம் எழுதுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

கம்பெனி என்று பெயரே தவிர, ஒரு பழைய கிடங்குக்குள் இயந்திரங்களை இறக்கி வைத்திருந்தார்கள். மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, அரைத்து, பொட்டலம் போட்டு அனுப்புகிற இடம். எனக்கு பெல்ட்டில் வேலை. அகலமான ரப்பர் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் வருகிற மல்லியில் கல்லும் குச்சியும் பொறுக்க வேண்டும். பட்டை திரும்புகிற முனையில் ஓர் இரும்பு உருளை உண்டு. அதற்கு ஒரு தகர மூடியும் இருந்தது. மல்லிக் காம்பு அடிக்கடி உருளையில் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி மாட்டினால் நேரமாகிறது என்று ஒருநாள் கழற்றியவர்கள் பிறகு மாட்டவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை. லோடு இறக்குகிற ஆண்களுக்குச் சங்கம் இருந்தது. உள்ளே நின்று பொறுக்குகிற எங்களுக்கு ஒன்றும் கிடையாது.

அன்றைக்கு அவசரச் சரக்கு. காலையிலிருந்தே எல்லோரும் ஓட்டமாக இருந்தோம். உருளையில் காம்பு சுற்றி, பட்டை ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது. அந்த வழியாகப் போன மேனேஜர் சாஜன் சாரிடம் சொன்னேன்.

"நிறுத்தண்டா, அது ஓடட்டும். கையால ஒண்ணு தட்டி விட்டா மதி" என்றார் அவர். நிறுத்த வேண்டாம், தட்டினால் போதும் என்று அர்த்தம்.

எப்போதும் செய்வதுதான். தட்டினேன். துணிக் கையுறையின் நுனியைத்தான் முதலில் பிடித்தது. வலி தெரியவில்லை. என் கை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது, நான் அதன் பின்னாலேயே போனேன். யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

லேபிள் ஒட்டுகிற மேசையில் இருந்த ரம்லாத்தா ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ரம்லாத்தா மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அங்கே இத்தா என்றால் அக்கா. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ரம்லாத்தா. உருளையைப் பின்பக்கமாகச் சுற்றி என் கையை வெளியே எடுத்தது அவர்தான். எடுத்ததும் தன் தட்டத்தை, தலையில் போட்டிருந்த துணியை, உருவி என் கையை மூடினார். "நோக்கண்டா கோமதி, கையைப் பார்க்காதே, என் முகத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். முதல்முறையாக அவருடைய நரைத்த தலைமுடியைப் பார்த்தேன்.

கம்பெனி வண்டியிலேயே எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கை அறுவைக்கென்று தனி டாக்டர்கள் இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கே பார்ப்பார்கள். அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எவிடெ வெச்சாணு?"

எங்கே வைத்து நடந்தது என்று கேட்கிறார். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சாஜன் சார், "வீட்டில் வெச்சு... ஏதோ மிஷீனில்..." என்று இழுத்தார்.

ரம்லாத்தா அப்போது என் காலடியில் நின்றிருந்தார். ஜாக்கெட்டெல்லாம் ரத்தம், முடியெல்லாம் மல்லித் தூசி. அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வீட்டிலல்ல டாக்டரே! கம்பனியில்! பெல்ட்டின்றெ உருளையில்! ஞான் என்றெ கண்ணால கண்டதா. எழுதிக்கோ."

சாஜன் சாரை டாக்டர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். நாளைக்கும் அதே சாஜன் சாருக்குக் கீழேதான் வேலைக்குப் போக வேண்டும் என்பது ரம்லாத்தாவுக்குத் தெரியாதா என்ன? எனக்கு மயக்கம் வருவதற்குமுன் கடைசியாகக் கேட்டது அந்தக் குரல்தான்.

என் கைக்கு நேர்ந்ததை டாக்டர் ஷீபா மறுநாள் விளக்கினார். கைக்கென்றே படித்த அறுவை மருத்துவர். தமிழ் நோயாளிகள் நிறைய வருவதால் இரண்டு மொழியையும் கலந்து பேசுவார்.

"கையுறையைக் கழட்டுற மாதிரி உன் தோல் கழண்டு போச்சு கோமதி. எலும்பு உடைஞ்சதைக் கம்பி போட்டு நிறுத்தியிருக்கோம். சுண்டுவிரலை என்னால காப்பாத்த முடியல. மத்த விரல் நாலும் இருக்கும். ஆனா புறங்கையில எலும்பும் நரம்பும் திறந்து கிடக்கு. அதை மூட நல்ல தோல் வேணும். ரத்தம் ஓடுற தோல்."

"தொடையிலிருந்து எடுப்பீங்களா டாக்டர்?"

"அது மெலிசு. எலும்புமேல ஒட்டாது. உன் அடிவயித்துல ஒரு பக்கமாத் தோலைக் கதவு மாதிரித் திறப்பேன். அந்தக் கதவுக்குக் கீழே உன் கையை வெச்சுத் தைச்சிடுவேன். வயித்துலயிருந்து ரத்தம் கைக்கு வரும். மூணு வாரம் போனா கை தானா ரத்தம் எடுக்கக் கத்துக்கும். அப்போ வெட்டிப் பிரிச்சிடுவேன்."

மூன்று வாரம் என் கை என் வயிற்றோடு தைக்கப்பட்டிருக்கும் என்பது எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. என் வீட்டுக்காரருக்கு அதைவிட நேரமானது. "அப்போ சேலை எப்படிக் கட்டுவா?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் கட்டிடத்தில் அன்றைக்கு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

அறுவைக்கு முன்னால் இறந்துபோன சதையையெல்லாம் சீவிச் சுத்தம் செய்தார்கள். அது இரண்டு முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் கழுத்தோரம் ஊசி போட்டுத் தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போக வைத்தார்கள். என் வீட்டுக்காரர் வெளியே, சத்தத்தை அணைத்து வைத்திருந்த ஒரு டிவிக்கு முன்னால், பெயர் கூப்பிடுவதற்காகக் காத்துக்கிடந்தார். யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றாராம்.

கண் விழித்தபோது என் வலது முழங்கை மடங்கி, கை அடிவயிற்றுக்குள் போய் மறைந்திருந்தது. சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறவர்களைப்போல. எடுக்கத்தான் முடியாது.

அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது? புரண்டு படுக்க முடியாது. தும்மல் வந்தால் உயிர் போகும். தோள்பட்டை கல்லாக இறுகிவிடும். நர்ஸ் வந்து ஒட்டிய தோலை ஒரு விரலால் அழுத்தி, எடுத்துவிட்டுப் பார்ப்பார். வெளுத்த இடம் உடனே சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். நீலமாக இருந்தால் தேங்குகிறது. நான் அவர் விரலைப் பார்க்க மாட்டேன், அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். ஒருநாள் அந்த முகம் மாறியது. ஓரம் கறுத்திருக்கிறது என்றார். டாக்டர் ஷீபா சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்தவர்போல வேகமாக வந்து, இரண்டு தையலை அவிழ்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கறுப்பு மெல்ல ஊதாவாகி, ஊதா சிவப்பான பிறகுதான் எழுந்தார். "உன் வயிறு நல்ல வயிறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலை பின்னிவிட்டது என் வீட்டுக்காரர். ஹோட்டலுக்குப் போகுமுன் காலையில் வந்துவிடுவார். பரோட்டா மாவை இழுத்துச் சுருட்டுகிற பழக்கத்தில் என் முடியையும் அப்படியே இழுத்துச் சுருட்டுவார். நெற்றித் தோல் மேலே ஏறிக்கொள்ளும். பக்கத்துக் கட்டில் அம்மா, "மாஸ்டரே, இனி அதைக் கல்லில் போட வேண்டியதுதான்" என்பார். மீனா ரம்லாத்தா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போனாள். ரம்லாத்தா வேலை விட்டு நேரே பஸ் ஏறி, பத்திரி என்கிற அரிசி ரொட்டியும் மீன்கறியும் கொண்டுவருவார். இடது கையால் அள்ளத் தெரியாமல் நான் சிந்தினால், வாயில் ஊட்டிவிடுவார். "உனக்கு ரெண்டு கை இருந்தப்போ கூட நீ எனக்கு ஒரு சாயா வாங்கித் தந்ததில்ல" என்று திட்டிக்கொண்டேதான் ஊட்டுவார்.

சாஜன் சார் ஒரு மத்தியானம் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

"முதலாளிக்கு வளரெ, ரொம்பச் சங்கடம், மாஸ்டரே. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் ஏதாவது செய்வார். நீங்களும் நம்மகிட்ட சகரிக்கணும், ஒத்துப்போகணும். கோமதி ஒரு ராஜி தந்தா மதி. எல்லாம் சமாதானமா முடிக்கலாம்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "ராஜிதானே சார்? நமக்குள்ள என்ன பகை? ராஜியாப் போயிருவோம்."

தமிழில் ராஜி என்றால் சமரசம். மலையாளத்தில் ராஜி என்றால் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. அவர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார், சாஜன் சார் பையிலிருந்து எழுதி வைத்த தாளையும் மை பூசுகிற டப்பாவையும் எடுக்கிறார். எனக்கு வயிற்றில் கை இருப்பதும் மறந்து எழப் பார்த்தேன். தையல் இழுத்து உயிர் போனது.

"ஏங்க, அது நீங்க நினைக்கிற ராஜி இல்ல. நானே வேலைய விட்டு நிக்கேன்னு எழுதிக் கேக்காரு."

அவர் தலையாட்டல் நின்றது.

சாஜன் சார் என்னிடம் திரும்பினார். குரல் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது. "இந்தக் கையோட நீ இனி என்ன வேலை செய்வே, கோமதி? நல்லபடியா முடிச்சுக்கலாம். இடது கை பெருவிரல் மட்டும் வெச்சாப் போதும்."

நான் ரேகை வைக்கிற ஆள் இல்லை. எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறேன். சம்பளப் பதிவேட்டில் மாதாமாதம் என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். அந்தக் கோபம்தான் முதலில் வந்தது.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் சார். போடுற கை இப்போ வயித்துக்குள்ள இருக்கு. அது வெளிய வரட்டும், அப்புறம் கேளுங்க."

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்தே விட்டார். சாஜன் சார் தாளை மடித்தார், டப்பாவை மூடினார். ஆரஞ்சுப் பையை விட்டுவிட்டுப் போனார். நல்ல ஆரஞ்சு, வார்டு முழுக்கக் கொடுத்தோம்.

ஆனால் அவர் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது.

"வீராப்பா பேசிட்ட. கம்பெனிக்காரன் விபத்துன்னே எழுதிக் குடுக்கலன்னு கவுண்டர்ல சொல்லுதாங்க. பில்லு நம்ம தலையில விழுந்தா? ஏட்டி, கையில்லாம நீ அங்க போயி என்னத்தச் செய்யப்போற?"

"கை இருக்கு. இந்தா இருக்கு" என்று வயிற்றைக் காட்டினேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். அவரும் அழுதார். பயம் அவருக்கு மட்டும் இல்லை. இந்தக் கை வெளியே வந்தால் ஒரு டம்ளரையாவது பிடிக்குமா என்று எனக்கே தெரியாது. வேலை போனால் வாடகை என்னாவது, மீனா படிப்பு என்னாவது. சாஜன் சாரிடம் விட்ட சவாலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட அன்று சாயங்காலம் நினைத்தேன்.

மறுநாள் அழுத முகத்தோடு இருந்த எங்களைப் பார்த்துத்தான் ஜிஷா வந்து உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் வீட்டுப் பிரச்சினை, பணப் பிரச்சினை எல்லாம் கேட்டு வழி சொல்வதற்கென்று வைத்திருக்கும் சமூகப் பணியாளர். முழுக்க மலையாளத்தில்தான் பேசினாள். நான் என் வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவள் சொன்னது இதுதான். மாதாமாதம் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்திருக்கிறார்கள், அதனால் சிகிச்சைச் செலவு அந்தக் கணக்கில் போகும். விபத்து நடந்ததைக் கம்பெனி தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நாமே இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம். வேலையில் பட்ட காயத்துக்குச் சிகிச்சையில் இருக்கும்வரை சம்பளத்தில் பெரும்பகுதி உதவித்தொகையாக வரும். அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது. நீக்கி நோட்டீஸ் கொடுத்தாலும் அது செல்லாது. கடைசியில் மெடிக்கல் போர்டு, அதாவது டாக்டர்கள் குழு ஒன்று, கையைப் பார்த்து நிரந்தரமாக எவ்வளவு பலம் போனது என்று சொல்லும். அதற்கென்று மாதாமாதம் ஒரு தொகை உண்டு. வேலைக்குத் திரும்பப் போனாலும் அது நிற்காது.

"சிகிச்சை முடிஞ்ச பிறகும் வேலை இருக்குமா?" என்று கேட்டேன்.

ஜிஷா பொய் சொல்லவில்லை. "அங்கேதான் நீங்க நின்னு பேசணும் சேச்சி. சட்டம் கதவு வரைக்கும் கொண்டுவிடும். ஆனா இப்போதைக்கு எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க."

"எங்க போட?" என்று என் வீட்டுக்காரர் என் வயிற்றைக் காட்டினார். இரண்டு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு.

விசாரணைக்கு ஒருவர் வந்தார். அவசரப் பிரிவுச் சீட்டைப் பார்த்தார். ரம்லாத்தா கத்தியதை அந்தச் சின்ன டாக்டர் வார்த்தை மாறாமல் எழுதியிருந்தார். அதற்கு மேல் கம்பெனியால் மறுக்க முடியவில்லை.

கையைப் பிரிப்பதற்கு முன்னால் அதைப் பழக்கினார்கள். வயிற்றையும் கையையும் சேர்த்திருந்த தோல்பாலத்தை ரப்பர் பட்டையால் கொஞ்ச நேரம் இறுக்கிவிட்டு, கைப்பக்கம் நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். முதல் நாள் சீக்கிரமே வெளுத்தது. பிறகு நாளுக்கு நாள் தாங்கியது. ஒருநாள் இறுக்கிக் கட்டிவிட்டு டாக்டர் ஷீபா ரவுண்ட்ஸே முடித்துவிட்டு வந்தார். கை செக்கச்செவேலென்று இருந்தது.

"கத்துக்கிட்டாளே" என்றார்.

பிரித்து வெளியே வந்த கையைப் பார்த்து நான் பயந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். புறங்கைமேல் ஒரு இட்லியைக் கவிழ்த்து ஒட்டிய மாதிரி இருந்தது. வயிற்றுத் தோல் ஆயிற்றே, நான் உடம்பு வைத்தால் அந்த இடமும் சேர்ந்து உடம்பு வைக்கும் என்று டாக்டர் சொன்னார். விரல்கள் நான்கும் மரக்கட்டை. பிசியோதெரபி என்கிற பயிற்சியில் துணி மாட்டுகிற கிளிப்பைத் திறக்கச் சொன்னார்கள். முடியவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் தினமும் பரோட்டா மாவில் ஓர் உருண்டை கொண்டுவருவார். அதைப் பிசைவதுதான் என் வேலை. ஆரம்பத்தில் விரல் மாவுக்குள் புதைந்து அங்கேயே நிற்கும். பிறகு ஒருநாள் மாவு விரலிடுக்கில் பிதுங்கியது. மீனா கத்திக்கொண்டு தெருவுக்கே ஓடினாள்.

அந்தச் சமயத்தில்தான் என் போனுக்குக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. மீனாதான் படித்தாள். நீண்ட நாளாக வேலைக்கு வராததால் என்னை நீக்கிவிட்டார்களாம்.

இந்த முறை நான் அழவில்லை. ஜிஷாவைக் கூப்பிட்டேன். "சிகிச்சை இன்னும் நடக்குது. அது செல்லாது சேச்சி. புகார் கொடுங்க" என்றாள். கொடுத்தேன். காக்கநாட்டில் கலெக்டரேட் வளாகத்தில் இருக்கிற தொழிலாளர் அலுவலகத்துக்கு எங்கள் இரண்டு தரப்பையும் அழைத்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். உள்ளே போனால், வராந்தா பெஞ்சில் ரம்லாத்தா உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் பெண்கள் அத்தனை பேரும். ஆளுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு முந்தைய பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள்.

"என்னத்தா இது?" என்றேன்.

"லுலு பார்க்க வந்தோம்" என்றார் ரம்லாத்தா. லுலு மால் இருப்பது இடப்பள்ளியில், காக்கநாட்டில் இல்லை.

அதிகாரி அமைதியான மனிதர். காகிதங்களைப் படித்துவிட்டு சாஜன் சாரிடம் சொன்னார். "சிகிச்சை நடக்கும்போது கொடுத்த இந்த நீக்கம் செல்லாது. இதை நீங்களே திரும்ப வாங்கிக்கணும். இனி இவர் திரும்பி வரும்போது என்ன வேலை என்று பேசுவோம்."

"ஸார், ஒரு விரல் இல்லாத ஆளை பெல்ட்டில் நிறுத்தி, நாளைக்கு இன்னொரு அபகடம் வந்தா?"

"ஓடுற மிஷீன் பக்கம் வேண்டாம், மற்ற வேலை செய்யலாம் என்றுதானே டாக்டர் எழுதியிருக்கிறார்?"

"வேற வேலைக்கெல்லாம் ஆள் இருக்கு ஸார். காலியில்ல."

கதவோரம் நின்ற ரம்லாத்தா உள்ளே வந்தார். "லேபிள் மேசை என்னோடதா, ஸாரே. உட்கார்ந்து செய்யற வேலை. அதைக் கோமதிக்குக் கொடுத்தோ. ஞான் பெல்ட்டுக்குப் போறேன்."

சாஜன் சார் ஒரு வழி கிடைத்த மாதிரி நிமிர்ந்தார். நான் கேட்க வந்தது வேலை. அது என் முன்னால் இருந்தது. சரி என்று சொன்னால் போதும். ரம்லாத்தாவின் கைகளைப் பார்த்தேன். மருதாணி போட்ட பத்து விரல்.

"முடியாது சார்" என்றேன். "ரம்லாத்தாவை அந்த உருளைக்கு முன்னால நிறுத்திட்டு நான் உக்கார மாட்டேன். முதல்ல அந்த மூடியை மாட்டச் சொல்லுங்க. அப்புறம் என் வேலையைப் பேசலாம்."

"மூடியா?" என்று கேட்டது அதிகாரி இல்லை. அதுவரை மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த முதலாளி. வயசானவர். மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து போவதைத் தவிர நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. "உருளைக்கு மூடி இருந்ததே. எவிடெ அது?"

சாஜன் சார் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஸ்டோரில் இருக்கு."

முதலாளி எழுந்து வந்து என் முன்னால் நின்றார். "கை காணிக்காமோ?" என்றார். காட்டினேன். சின்னக் குழந்தையின் கையைப் பார்ப்பதுபோலக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதிகாரியிடம் திரும்பி, "எழுதிக்கோளு" என்றார்.

எழுதினார்கள். நீக்கம் ரத்து. சிகிச்சை முடிந்ததும் பழைய சம்பளத்தில், இடைவெளி விழாத பணிக்காலத்தோடு, அரைத்த மசாலாவைச் சோதித்துப் பார்க்கிற மேசையில் வேலை. ரம்லாத்தா இருந்த இடத்திலேயே இருப்பார். உருளைகளுக்கெல்லாம் மூடி. அதை வந்து பார்க்க ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்குத் தகவல். தாளை என் பக்கம் தள்ளி, மைப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தார் ஒரு குமாஸ்தா. நான் பேனாவைக் கேட்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதை நிறுத்தவே நேரம் பிடித்தது. கோ, ம, தி. மூன்று எழுத்தும் மூன்று பக்கம் சாய்ந்து நின்றன. சாஜன் சார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வெளியே வந்ததும் பெண்கள் என்னைத் தூக்காத குறை. அன்றைக்கு எல்லோருக்கும் சாயா நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ரம்லாத்தா இரண்டு குடித்தார்.

வேலைக்குத் திரும்பிய காலையில் என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலை பின்னிவிட்டார். இப்போது எனக்கே பின்ன வரும் என்று நான் சொல்லவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. உருளைமேல் மஞ்சள் வண்ணம் அடித்த புது மூடி. ஒரு பெண் என்னைப் பார்த்து அதைத் தட்டிக் காட்டினாள்.

மெடிக்கல் போர்டு பிறகு கையைப் பார்த்தது. மாதாமாதம் அந்தத் தொகை வருகிறது, சம்பளமும் வருகிறது. குளிர் நேரத்தில் இல்லாத சுண்டுவிரல் அரிக்கும். சொறிய முடியாது. மிளகாய்ப் பொடியை விரலால் தேய்த்தால் நறநறப்பு தெரியவேண்டும், மேசை வேலையில் அதுதான் முக்கியம். வயிற்றுத் தோலுக்கு அது தெரியாது. நல்லவேளை, விரல்நுனிகள் என்னுடையவை.

இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு, கம்பெனியில் ஒரு பாதுகாப்புக் குழு அமைக்கச் சொன்னார்கள். நிர்வாகத் தரப்பில் சிலர், எங்கள் தரப்பில் சிலர். எங்கள் பக்கம் யார் என்று பெண்களைக் கேட்டபோது அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொன்னார்களாம். நான் அப்போது வேலைக்குத் திரும்பவில்லை, பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரம்லாத்தா இரண்டாவது ஆள்.

முதல் கூட்டம் முதலாளியின் ஏசி அறையில் நடந்தது. அந்த அறைக்குள் அதற்கு முன் நாங்கள் கூட்டக்கூடப் போனதில்லை. ரம்லாத்தா சோபாவில் கொஞ்சம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வசதியாக உட்கார்ந்தார். எதிரே சாஜன் சார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல்முறையாக என்னை நீங்க என்று அழைத்தார்.

"நீங்க சொல்லுங்க கோமதி. எதிலிருந்து தொடங்கலாம்?"

நான் என் வலது கையை மேசைமேல் வைத்தேன்.

"அரவை மிஷீன்ல இருந்து தொடங்குவோம் சார்" என்றேன். "அதுக்கும் மூடி இல்ல."